அந்தக் 'காணவில்லை' நோட்டீஸைக் கழற்றுங்கள்: வன்னித் தியேட்டர்காரருக்கும் படத்தின் விளம்பரப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

படத்தை ஓட்டுகிற தியேட்டர் உரிமையாளர்களுக்கும், அதன் விளம்பரத்தைப் பொறுப்பெடுத்திருக்கும் தம்பி தங்கைமாருக்கும்,

பரந்தன் சந்தியிலிருந்து கிளிநொச்சி நகரம் தாண்டியும் ஏ9 வீதியோரத்து மின்கம்பங்களிலும் பஸ் தரிப்பிடங்களிலும் நீங்கள் ஒட்டியிருக்கும் தாளைப் பற்றி எழுதுகிறேன். மேலே தடித்த எழுத்தில் 'காணவில்லை'. நடுவில் வெள்ளைச் சேட் போட்ட இளைஞனின் கறுப்பு வெள்ளைப் படம். குறூப் போட்டோவிலிருந்து வெட்டியது போல அவனுடைய தோளில் வேறு யாரோ ஒருவரின் விரல்கள். கீழே 'இறுதியாகக் காணப்பட்ட இடம்: வட்டுவாகல்'. அதற்கும் கீழே 'கண்டவர்கள் உடன் அழைக்கவும்' என்று ஒரு போன் இலக்கம். படத்தின் பெயர் இல்லை, தியேட்டரின் பெயர் இல்லை, இது விளம்பரம் என்று காட்ட ஒரு சொல் கூட இல்லை. அந்த இலக்கத்துக்கு எடுத்தால்தான் விசயம் தெரியும். கொஞ்ச நேரம் இசை போகும். பிறகு கதாநாயகியின் குரல் வரும்: 'அவரை நானும் தேடுறன். வெள்ளிக்கிழமை தியேட்டருக்கு வாங்கோ, சேர்ந்து தேடுவம்.'

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அம்மா அந்த இலக்கத்துக்கு எடுத்தார்.

அவருடைய மூத்த மகன் 2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், இராணுவத்தின் பக்கம் போக வட்டுவாகல் பாலத்தைத் தாயோடு சேர்ந்து நடந்து கடந்தவன். ஒரு நாள் புலிகள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று இராணுவத்தினர் ஸ்பீக்கரில் சொன்னார்கள். மறைத்தால் பிறகு பிரச்சினை வரும் என்று பயந்து அந்த அம்மாவே அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தார். பஸ்ஸில் ஏற்றினார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, காணாமல் போனோர் அலுவலகம் என்று யார் வந்து கேட்டாலும் அதே கதையை அதே ஒழுங்கில் சொல்லியிருக்கிறார். கொடுத்த கடிதங்களின் பிரதிகள் எல்லாம் ஒரு பிளாஸ்ரிக் பைலில் இருக்கின்றன. மழைக்கு வீடு ஒழுகிய காலத்தில் முதலில் தூக்கி வைத்தது அந்தப் பைலைத்தான்.

தாளில் இருந்த பொடியன் தன் மகன் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கண் அவ்வளவு மங்கவில்லை. அவர் பார்த்தது இடத்தை. நான் தையல் கடை வைத்திருக்கிறேன், கடைக்கு வந்து தாளை மெஷின் மேலே விரித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அதே வட்டுவாகல் பிள்ளை. இந்தப் பொடியனும் என்ர பிள்ளையும் ஒரே பஸ்ஸிலை ஏறியிருந்தால்? இவையின்ரை ஆக்களுக்கு ஏதும் தெரிஞ்சிருக்கும்தானே." இது விசர்க்கதை இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் இத்தனை வருசமாய் ஒருவரையொருவர் கண்டுபிடித்தது இப்படித்தான். எந்தப் பக்கத்தால் போனது, எத்தனை மணி, பஸ்ஸில் வேறு யார் இருந்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் தகவல் சேர்த்தார்கள்.

ஐம்பது ரூபா ரீலோட் போட்டுத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார். "பாட்டுத்தான் போகுது, ஆக்கள் கதைக்கினம் இல்லை. நீ ஒருக்கா எடுத்துக் கேள்" என்றார். நான் எடுத்தேன். உங்கள் பதிவுக் குரலைக் கேட்டேன். அது படத்துக்கான விளம்பரம் அம்மா என்று சொன்னேன்.

"அப்ப இந்தப் பொடியன்?"

"அவர் நடிக்கிறவர்."

"உயிரோடை இருக்கிறாரோ?"

"ஓம் அம்மா."

"நல்லது. அவரின்ரை தாய்க்கு இந்த அலைச்சல் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அன்று பின்னேரமே கடையைப் பூட்டிவிட்டு உங்கள் தியேட்டர் ஒன்றுக்குப் போனேன். ரிக்கெற் கொடுக்கும் இடத்தில் நின்ற பொறுப்பான தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு சொன்னார்: "அக்கா, இது மார்க்கெட்டிங். நாலு பேர் கதைச்சால்தான் எங்கடை படம் ஓடும். இப்ப நீங்களே வந்து கதைக்கிறீங்கள்தானே, அப்ப வேலை செய்யுது." அந்தப் பதிலோடு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தத் தம்பிக்கு 2009 இல் என்ன வயது இருந்திருக்கும் என்று தெரியாது. ஆனால் உரிமையாளர்களுக்குத் தெரியும். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி தாய்மார் தொடர் போராட்டத்தில் இருக்கத் தொடங்கியபோது அவர்களுக்குப் பின்னால் வரிசையாக என்ன தொங்கியது? இதே தாள்தான். இதே மாதிரிப் படம், இதே மாதிரி வெட்டு. கல்யாண வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ எடுத்த குறூப் போட்டோவிலிருந்து ஸ்ரூடியோக்காரர் முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கித் தந்த படங்கள் அவை. பக்கத்தில் நின்றவரின் விரல் தோளில் கிடக்கும். உங்கள் வடிவமைப்பாளர் அந்த விரலைக் கூட விடாமல் போட்டிருக்கிறார் என்றால், அவர் எங்கே பார்த்து அதை எடுத்தார் என்று எனக்கு விளங்குகிறது.

அந்தத் தாய்மார் தேடிக்கொண்டிருக்கும்போதே 2020 ஜனவரியில் நாட்டின் அப்போதைய ஜனாதிபதி ஐ.நா. அதிகாரி ஒருவரிடம், காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்றார். 2022 இல் குடும்பத்துக்கு இரண்டு இலட்சம் ரூபா தருகிறோம் என்றார்கள். காசு வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள் என்று தாய்மார் மறுத்தார்கள். தேடித் தேடியே செத்துப்போன தாய் தகப்பன்மார் எங்கள் ஊர்களில் நிறையப்பேர். இவ்வளவுக்கும் பிறகு வட்டுவாகல் என்ற பெயரைப் போட்டு, போன் இலக்கமும் போட்டு ஒரு தாளைத் தெருவில் ஒட்டினால் அதை யார் நின்று வாசிப்பார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லையா? படம் பார்க்கிற வயதுப் பிள்ளைகள் கடந்து போய்விடுவார்கள். நின்று வாசிப்பது அந்தத் தாய்மார்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. புத்தி தடுமாறிய முதியவர் வீட்டை விட்டுப் போனாலும், பள்ளிக்கூடம் போன பிள்ளை திரும்பாவிட்டாலும் எங்கள் சனம் ஒட்டுவது இப்படி ஒரு தாளைத்தான். அடுத்த முறை உண்மையான தாளைக் கண்டால், ஏதோ படத்துக்காக்கும் என்று பார்க்காமல் போவார்கள்.

இவள் காதல் படத்துக்கே எதிரானவள் என்று நினைத்துவிடாதீர்கள். படத்தை நானும் என் கணவரும் முதல் கிழமையே பார்த்தோம். அது நல்ல படம். அதுதான் என் கோபத்துக்கு இன்னொரு காரணம்.

படத்தில் கதாநாயகியின் கணவன் வட்டுவாகலில் ஒப்படைக்கப்பட்டவன். அவள் பொட்டு வைக்கலாமா என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. தடுப்பு முகாமிலிருந்து புனர்வாழ்வு முடிந்து வந்த ஒருவன் அவளுடைய வளவுக்கு வேலியடைக்க வருகிறான். இப்படி ஒரு கதையைப் படமாக்கத் துணிவு வேண்டும். இரண்டு பேருக்கும் பிடித்துப்போகிறது, ஆனால் வாயைத் திறந்து ஒரு இடத்திலும் சொல்வதில்லை. பிரதேச செயலகத்தில் அவள் இரண்டு படிவங்களோடு வாங்கில் இருக்கும் காட்சியில் தியேட்டரே அசையவில்லை. 2016 இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மரணச் சான்றிதழ்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. ஆள் காணாமல் இருக்கிறார் என்று ஒரு சான்றிதழ் எடுக்கலாம். ஒன்றை நிரப்பினால் அவன் செத்துவிட்டான் என்று அவளே கையெழுத்து வைக்க வேண்டும். மற்றதை நிரப்பினால் அவன் வரலாம், கல்யாண எழுத்து நடக்காது. உத்தியோகத்தர் பேனையைத் தள்ளி வைக்கிறார். அவள் பேனையின் மூடியைக் கழற்றுகிறாள், பூட்டுகிறாள். அந்த வாங்கில் அப்படி இருந்தவர்களை எனக்குத் தெரியும். என் கடைக்குச் சட்டை தைக்க வருகிறவர்களில் இருக்கிறார்கள். சிலர் கையெழுத்து வைத்தார்கள், சிலர் இன்னும் வைக்கவில்லை. வைத்தவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

நானும் போருக்குப் பிறகு காதலித்துத்தான் கல்யாணம் செய்தேன். செட்டிகுளம் முகாமில் பக்கத்துத் தறப்பாளில் இருந்தவர்களின் சொந்தக்காரர் அவர். தடுப்பால் வந்தபோது முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. "தையல் தெரிஞ்ச பிள்ளை, ஏன் போய்க் காலில்லாதவனை" என்று என் சித்தியே கேட்டார். மீள்குடியேறிய முதல் மாரியில், பாதி எரிந்த தென்னைகளுக்கு நடுவில், தகரக் கொட்டிலுக்குள் குடும்பம் தொடங்கினோம். அந்தக் காலத்துச் சந்தோசத்தையும் அப்போதிருந்த பயத்தையும் என் வாழ்நாளில் முதன்முதலாகத் திரையில் பார்த்தேன். இந்தப் படத்தை எடுத்தவர்களைக் கண்டால் கும்பிடுவேன்.

ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பேனையைத் தூக்க முடியாமல் இருந்ததற்கு என்ன காரணமோ, அதையே எடுத்து நீங்கள் விளம்பரத் தந்திரமாக்கிவிட்டீர்கள். படம் ஒன்று சொல்கிறது, வாசலில் நிற்கும் விளம்பரம் அதை அழிக்கிறது.

வாசல் என்றதும் அங்கே நீங்கள் கட்டியிருக்கும் அந்தப் பங்கர், அதுதான் பதுங்குகுழி, ஞாபகம் வருகிறது. ஒரு தியேட்டரின் முன்மண்டபத்தில் மண்மூட்டை அடுக்கி, மேலே பனங்குற்றி மாதிரிப் பெயின்ற் அடித்த குழாய்கள் வைத்து, உள்ளே சின்னச் சின்னச் சிவப்பு லைற் போட்டு, சோடியாக உள்ளே குந்தி செல்பி எடுக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். மூட்டைகள் சேலையில் தைத்தவை. புதுச் சேலை, ஒரே நிறம், ஒரே அளவு. யாரோ தையல்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துத் தைத்திருக்கிறீர்கள்.

அந்த மூட்டையை நான் தைத்திருக்கிறேன். 2009 பெப்ரவரியில் நாங்கள் மாத்தளன் கரைக்குப் போனபோது உரப்பை ஒன்றும் கிடைக்கவில்லை. கடற்கரை மணலில் கிடங்கு வெட்டினால் பக்கம் சரிந்து விழும். மூட்டை இல்லாமல் பங்கர் நிற்காது. விசுவமட்டிலிருந்து சைக்கிள் கரியரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்த கை மெஷின் என்னிடம் இருந்தது. சனம் சேலையோடு வந்தது. முதலில் நூல் சேலை, பிறகு நைலெக்ஸ், கடைசியில் கூறை. சேலையைக் குறுக்கே துண்டு துண்டாக வெட்டி, அடியையும் ஒரு பக்கத்தையும் இரட்டைத் தையல் போட்டுக் கொடுப்பேன். பட்டு நெருக்கமான நெசவு, மண் சிந்தாது. தன்னுடைய கூறையை ஒரு அக்கா கொண்டுவந்து தந்தபோது கத்தரிக்கோலை வைக்க எனக்கு மனம் வரவில்லை. "வெட்டு பிள்ளை, ரெண்டு பிள்ளையளும் உள்ளுக்கை இருக்க வேணும்" என்றார். சரிகைக் கரையை மட்டும் தனியாக வெட்டி அவரிடம் கொடுத்தேன். பொக்கணையில் அந்தப் பங்கருக்குப் பக்கத்தில் செல் விழுந்தது. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

உங்கள் முன்மண்டபத்தில் அந்த மூட்டைகளுக்கு முன்னால் என் கணவர் நின்றார். பொய்க்காலோடு கன நேரம் நிற்க அவரால் முடியாது. இருக்க ஒரு கதிரை கேட்டேன், இல்லை என்றார்கள். பங்கருக்குள் லைற் போட வசதி இருந்த மண்டபத்தில் ஒரு கதிரை இல்லை.

இங்கே படம் எடுத்து ஓட்டுவது எவ்வளவு பாடு என்று எனக்கும் தெரியும். இந்தியாவிலிருந்து பெரிய நடிகரின் படம் வந்தால் நம்முடைய படத்துக்குக் காலைக் காட்சிதான் மிஞ்சும். 1983 ஜூலையில் கொழும்புக்குப் பக்கத்தில் தமிழ் முதலாளி ஒருவரின் ஸ்ரூடியோ எரிக்கப்பட்ட பிறகு இலங்கையின் தமிழ்ப்படத் தொழில் எழும்பவே இல்லை. வன்னியில் நாங்கள் வளர்ந்த காலத்தில் கரண்டே இல்லை. மண்ணெண்ணெயில் இழுத்து இழுத்து ஓடும் ஜெனரேட்டரை வைத்து, முற்றத்தில் ரீவியை ஏற்றி, விடிய விடியப் படம் பார்த்தோம். பற்றரிக்கும் எரிபொருளுக்கும் தடை இருந்த நாட்களில் கூட ஊருக்குள் எங்கோ படம் ஓடும். அப்படிப்பட்ட சனத்தைத் தியேட்டருக்கு வரவைக்கப் பொய்த்தாள் தேவையில்லை. எங்கள் ஆக்கள் எடுத்த படம், இங்கே நடந்த கதை, எங்கள் பேச்சில் கதைக்கிறார்கள் என்று ஸ்பீக்கர் கட்டிய ஓட்டோவில் விசுவமடு, தர்மபுரம், புதுக்குடியிருப்பு, மல்லாவி, துணுக்காய் என்று சொல்லிக்கொண்டு போங்கள். என் கடையில் போஸ்ரர் ஒட்டலாம். மாதர் சங்கக் கூட்டத்தில் நானே எழும்பிச் சொல்வேன். படத்தின் பெயரை இந்த மடலில் போடாததும் இதனால்தான்: நடந்த பிழையோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

'காணவில்லை' தாள்கள் அத்தனையையும் கழற்றுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எங்கெல்லாம் ஒட்டினீர்களோ அங்கெல்லாம். மேலே வேறு போஸ்ரர் ஒட்டி மறைக்காதீர்கள், உரித்தெடுங்கள். இணையத்தில் போட்டதையும் எடுத்துவிடுங்கள்.

அந்தப் போன் இலக்கத்தை உடனே வெட்டிவிட வேண்டாம். பதிவுக் குரலை நிறுத்திவிட்டு, கொஞ்ச நாளைக்கு ஒரு ஆளை வைத்துக் கதைக்கச் செய்யுங்கள். இது படத்துக்காகச் செய்தது, எங்களிடம் தகவல் ஒன்றும் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மனிதக் குரலில் சொல்லட்டும். இதுவரை எடுத்தவர்களின் இலக்கங்கள் உங்களிடம் பதிவாகியிருக்கும். அவர்களுக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அந்த இலக்கங்களுக்குப் படம் பற்றிய குறுஞ்செய்தி ஒன்றும் அனுப்பாதீர்கள், யாரிடமும் கொடுக்காதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் புலனாய்வுக்காரரின் விசாரிப்புக்குப் பழகிப்போனவை. தங்கள் இலக்கம் எங்கே போகிறது என்ற பயம் அவர்களுக்கு இருக்கும்.

முன்மண்டபத்துப் பங்கரைக் கலையுங்கள். அந்த இடத்தில் கதிரை போடுங்கள். பல்கனிக்குப் படியேற முடியாதவர்களுக்குக் கீழே கடைசி வரிசையில் இடம் ஒதுக்கி, அதை ரிக்கெற் கொடுக்குமிடத்தில் எழுதிப் போடுங்கள். இந்தப் படத்தின் கதாநாயகன் மாதிரி ஆட்கள் வன்னியில் நிறையப்பேர். அவர்களில் கால் இல்லாதவர்களும் படம் பார்க்க வருவார்கள்.

மே மாதம் 12 முதல் 18 வரை, முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நினைத்துச் சிரட்டையில் கஞ்சி கொடுக்கும் அந்தக் கிழமையில், ஸ்பீக்கர் ஓட்டோவை நிறுத்தி வையுங்கள். காட்சியை நிறுத்தச் சொல்லவில்லை, பாட்டை மட்டும்.

தியேட்டர் உரிமையாளர்களுக்குத் தனியாக ஒன்று. விளம்பரக் குழு என்ன கொண்டுவந்தாலும் வாசலில் வைக்க இடம் கொடுக்காதீர்கள். ஒட்டுவதற்கு முன் இந்த ஊரில் 2009 ஐக் கடந்து வந்த இரண்டு மூன்று பேருக்குக் காட்டிக் கேளுங்கள். உங்கள் தியேட்டரிலேயே ரிக்கெற் கிழிக்கிறவர், கூட்டுகிற அம்மா இருக்கிறார்கள். அவர்கள் போதும்.

கடைசியாக, போராடும் தாய்மாரின் சங்கத்திடம் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். விரும்புகிறவர்களுக்கு மட்டும் காசு வாங்காமல் ஒரு காட்சி வையுங்கள். கமராவும் பேட்டியும் கண்ணீரைப் படமெடுத்துப் போடுவதும் வேண்டாம். காலை பத்து மணிக்கு வைத்தால் நல்லது. புதுக்குடியிருப்பு, முள்ளியவளைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பின்னேர பஸ்ஸைப் பிடித்துப் பொழுதுபட முன் வீட்டுக்குப் போய்விடலாம். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அந்த அம்மாவிடம் நான் கேட்டுப் பார்க்கிறேன். வருவாரா என்று தெரியாது. வந்தால் அவரோடு நான் இருப்பேன்.

கிளிநொச்சியில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்